முதலில் தம்பியின் கண், கடைசியில் நிலப் பத்திரம்

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். வயது 24. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, ஓசூரில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் மூன்று ஆண்டாக வேலை செய்கிறார். விடுதியில் தங்கி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய் வருகிறார். அப்பாவுக்குக் கிணற்றுப் பாசனத்தில் இரண்டரை ஏக்கர்; தக்காளியும் கேழ்வரகும் போடுகிறார். தம்பி ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. இந்த ஆண்டு ப்ளஸ் டூ முடித்திருக்கிறான். இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் சேர்த்து 71 சதவீதம், ஆங்கிலத்தில் 62.

சேலத்தில் உள்ள ஒரு கன்சல்டன்சிக்காரர் அவனுக்கு மரைன் இன்ஜினியரிங் சீட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆண்டுக்கு 4 லட்சம், மொத்தம் 16 லட்சம். நுழைவுத் தேர்வு எதுவும் வேண்டாம், வேலை நூறு சதவீதம் உறுதி, கப்பல் ஏறிய முதல் மாதமே இரண்டரை லட்சம் சம்பளம் என்பது அவர் வாக்கு. முன்பணமாக 50,000 ரூபாயும், தம்பியின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழ்களும் அவர் கைக்குப் போய்விட்டன. மீதிக்கு, நிலப் பத்திரத்தை உள்ளூர் ஃபைனான்சியர் ஒருவரிடம் மூணு வட்டிக்கு வைத்து 8 லட்சம் வாங்கலாம், வாசகி சேர்த்து வைத்திருக்கும் 2 லட்சத்து 40 ஆயிரத்தையும் போடலாம் என்று வீட்டில் பேச்சு. "இது சரியா ஐயா? தம்பி கண்ணாடி போடுகிறான், அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அவர். கடலையே பார்க்காத பையன், தாங்குவானா? கடல் கொள்ளைக்காரர்களை நினைத்து அம்மா தினமும் அழுகிறார்" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் காவேரிப்பட்டினம் பக்கத்துக்காரன்தான். மெக்கானிக்கல் படித்துவிட்டுக் கப்பலுக்குப் போனேன். இருபத்திரண்டு ஆண்டு கடலில் இருந்து, சீஃப் இன்ஜினியராக இறங்கினேன். நம் இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகள் கப்பலுக்குப் போக வேண்டும் என்று மனதார விரும்புகிறவன். நல்ல தொழில் இது. அதனால்தான் இதன் பெயரைச் சொல்லி ஒரு குடும்பம் நிலத்தை இழப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் முதலில் சீட், அப்புறம் பணம், கடைசியில் கண்ணாடி என்று யோசித்திருக்கிறீர்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் தம்பியின் கண். அடுத்தது, படிப்பு முடிந்ததும் அவனை ஏற்றிக்கொள்ளப்போகும் கம்பெனி எது என்பது. இவை இரண்டும் தெரிந்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

தக்காளிக் காட்டைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் தம்பியைப் பற்றிப் பாசத்தோடு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "தக்காளி பறிக்க விட்டால் செங்காயும் பச்சைக்காயும் கலந்து பறித்துப் போடுவான், அம்மா திட்டிக்கொண்டே பிரிப்பார்." படிப்பில் கெட்டிக்காரன், காட்டு வேலையில்தான் கவனமில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படியே இருக்கலாம். ஆனால் எனக்கு அந்த வரியில் கை நின்றுவிட்டது.

சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாத குறைபாடு பிறவியிலேயே வருவது. பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகம். இருக்கிறவருக்கே அது தெரியாது. பழத்தின் பளபளப்பையும் தொட்டால் தெரியும் மென்மையையும் வைத்து எப்படியோ சமாளித்துவிடுவார்கள். முழுப் பழத்தையும் பிஞ்சையும் பிரித்துவிடுவார்கள். இப்போதுதான் நிறம் ஏறத் தொடங்கிய செங்காய் வரும்போதுதான் தடுமாற்றம். தம்பிக்கு இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பரிசோதித்துவிடுங்கள் என்கிறேன்.

கப்பலில் இன்ஜின் பக்கம் வேலை செய்ய நிறப்பார்வை சரியாக இருக்க வேண்டும். எரிபொருள் குழாய், கடல்நீர்க் குழாய், தீயணைப்புக் குழாய் எல்லாவற்றுக்கும் நிறம்தான் அடையாளம். கண்ட்ரோல் ரூம் பலகையில் எச்சரிக்கை விளக்குகள், மின்கம்பிகள், எல்லாம் நிறத்தை நம்பியவை. இந்தக் குறைபாடு இருந்தால் மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கிடைக்காது. அதற்கு அறுவை சிகிச்சையும் கிடையாது, சிபாரிசும் செல்லாது. சாதாரணக் கண்ணாடி வேறு விஷயம். இன்ஜின் பிரிவில் குறிப்பிட்ட பவர் வரை கண்ணாடி அனுமதி உண்டு. மேலே நின்று கப்பலைச் செலுத்தும் டெக் அதிகாரிகளுக்குத்தான் அதில் கண்டிப்பு அதிகம். ஆகவே கன்சல்டன்சிக்காரர் "கண்ணைப் பார்த்துக்கொள்ளலாம்" என்றால், எதை, எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று கேட்க வேண்டும். நான்கு ஆண்டு படித்து முடித்த பிறகு கப்பல் கம்பெனியின் மருத்துவரிடம் இந்தக் குறை வெளிவந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் அன்று யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்குத் தம்பியை அழைத்துப் போங்கள். "இஷிஹாரா டெஸ்ட் பார்க்க வேண்டும்" என்று சொன்னால் போதும். புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டுவார்கள், பத்து நிமிட வேலை. அதில் தேறினால், கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜி ஷிப்பிங், அங்கீகரித்த மருத்துவர் ஒருவரிடம் முழுப் பரிசோதனை செய்யுங்கள். அந்த மருத்துவர்களின் பட்டியல் இயக்குநரகத்தின் தளத்தில் இருக்கிறது. பஸ் செலவும் சேர்த்துச் சில ஆயிரங்களில் முடியும். 16 லட்சத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

படிப்பு வேறு, கப்பல் வேறு

மற்ற படிப்புகளில் பட்டம் வாங்கினால் வேலை தேடலாம். இதில் பட்டம் பாதி வழிதான். பி.டெக். மரைன் முடித்தவன் கப்பலில் பயிற்சி இன்ஜினியராகக் குறைந்தது ஆறு மாதம் கடலில் இருந்தால்தான், எம்.இ.ஓ. கிளாஸ் 4 என்ற தகுதித் தேர்வுக்குப் போக முடியும். அந்தச் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் அவன் அதிகாரி. அதுவரை பட்டம் அலமாரியில்தான் இருக்கும். அந்த ஆறு மாதத்துக்கு ஒரு கப்பலில் இடம் கிடைப்பதுதான் இன்று பெரும்பாடு.

"உலகம் முழுக்க ஆள் பற்றாக்குறை" என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது பொய் இல்லை. கப்பல் தொழில் அமைப்புகளான பிம்கோவும் இன்டர்நேஷனல் சேம்பர் ஆஃப் ஷிப்பிங்கும் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், 2026க்குள் உலகக் கப்பல்களுக்கு இன்னும் 89,510 அதிகாரிகள் தேவைப்படுவார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். ஆனால் அந்தக் கணக்கு சான்றிதழ் கையில் உள்ள அதிகாரிகளைப் பற்றியது. பயிற்சிக்கு ஏறவே இடம் கிடைக்காமல் ஊரில் காத்திருக்கும் புதிய பையன்களுக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடையாது. கன்சல்டன்சிக்காரர்கள் முன்னதைக் காட்டிப் பின்னதை விற்கிறார்கள்.

அதனால் நல்ல வழி, ஸ்பான்சர்ஷிப். ஷிப்பிங் கம்பெனிகளே தேர்வும் நேர்காணலும் வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி, "படித்து முடித்ததும் எங்கள் கப்பலில் பயிற்சி தருகிறோம்" என்று கடிதம் கொடுக்கும். ஆங்கிலோ ஈஸ்டர்ன், சினெர்ஜி போன்ற பெரிய கம்பெனிகள் இப்படி எடுக்கின்றன. கல்லூரி விளம்பரத்தில் கப்பல் படத்துக்குப் பக்கத்தில் எத்தனை கம்பெனி முத்திரை இருந்தாலும், உங்கள் தம்பி பெயரில் வரும் அந்த ஒரு கடிதத்துக்கு ஈடாகாது.

கல்லூரிக்கு டிஜி ஷிப்பிங் அங்கீகாரம் இருக்கிறதா என்பதும் முக்கியம். பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரம் இருப்பதாகச் சொல்லி மழுப்புவார்கள். அது போதாது. கப்பல் துறை அங்கீகரிக்காத படிப்பைப் படித்தால், மாலுமிக்கு அடையாளமான சி.டி.சி. புத்தகம் வாங்கும் இடத்திலேயே தடுக்கி விழுவான். மத்திய அரசின் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கியது, தலைமையகம் நம் சென்னையில்தான். சென்னை, கொல்கத்தா, மும்பை வளாகங்களில் பி.டெக். மரைன் இருக்கிறது. அங்கும் அதனோடு இணைந்த கல்லூரிகளிலும் சேர ஐ.எம்.யு. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இயற்பியல், வேதியியல், கணக்கில் சராசரி 60, ஆங்கிலத்தில் 50 வேண்டும். தம்பி இரண்டையும் தாண்டிவிட்டான். அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்விக் கட்டணமே ஆண்டுக்கு இரண்டேகால் லட்சத்தை ஒட்டித்தான் வரும். உங்களிடம் கேட்பது நான்கு லட்சம், அதுவும் தேர்வு இல்லாமல். தேர்வு வேண்டாம் என்பது சலுகையாகத் தெரிகிறது. எனக்கு அதுதான் முதல் அபாயக் கொடி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்த பிறகு "கப்பல் ஏற்றிவிட" என்று தனியாக மூன்று, நான்கு லட்சம் கேட்பார்கள். அரூர் பக்கத்துப் பையன் ஒருவன் இரண்டு ஆண்டுக்கு முன் என்னிடம் வந்தான். கொடுத்துவிட்டு, வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் பழைய கப்பலில் நாலு மாதம் சம்பளம் இல்லாமல் நின்றவன். 2024இல் உலகத் துறைமுகங்களில் முதலாளிகள் கைவிட்டுப் போன மாலுமிகளில் இந்தியர்கள்தான் அதிகம் என்று ஐ.டி.எஃப். தொழிற்சங்கக் கூட்டமைப்பு சொல்கிறது. வேலை வாங்கித் தரும் கட்டணத்தை மாலுமியிடம் வாங்கக் கூடாது என்பது சர்வதேச விதி. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் அது இருக்கிறது. 2015இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, சி.டி.சி. செலவு நம்முடையது. மற்றபடி ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. ஆள் அனுப்பும் கம்பெனிக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு, இயக்குநரகத்தின் பட்டியலில் சரிபார்க்கலாம்.

சம்பளமும் வேலையும்

முதல் மாதமே இரண்டரை லட்சம் என்பது தவறு. பயிற்சிக் காலத்தில் கிடைப்பது உதவித்தொகை, முப்பது நாற்பதாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கிளாஸ் 4 முடித்து ஃபோர்த் இன்ஜினியர் ஆன பிறகுதான் இரண்டு லட்சம், அதற்கு மேல் என்ற பேச்சு. அப்போதும் பன்னிரண்டு மாதக் கணக்குப் போடாதீர்கள். இளைய இன்ஜினியர்களுக்குப் பெரும்பாலும் கப்பலில் இருக்கும் மாதங்களுக்குத்தான் சம்பளம். ஆறு, ஏழு மாதம் ஒப்பந்தம், பிறகு வீடு, அடுத்த கப்பல் வரும் வரை வருமானம் இல்லை. ஒரு நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் வெளிநாடு போகும் கப்பலின் சம்பளத்துக்கு இங்கே வருமான வரி வராது, அது ஒரு நல்ல விஷயம். தேர்ட், செகண்ட் என்று தேர்வு எழுதி ஏறி, சீஃப் இன்ஜினியராக எட்டு முதல் பத்து ஆண்டு ஆகும். அந்த இடத்தில் சம்பளம் நிஜமாகவே பெரியது. அதற்குப் பிறகு கரையிலும் கதவு திறக்கும். கப்பல்களைச் சோதிக்கும் சர்வேயர், கம்பெனி அலுவலகத்தில் சூப்பரின்டெண்டென்ட், கப்பல் கட்டும் தளம், மின் நிலையம் என்று. எரிபொருளும் மாறிக்கொண்டிருக்கிறது. 2020இலிருந்து கப்பல் எண்ணெயில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. இப்போது எல்.என்.ஜி., மெத்தனால் இன்ஜின்கள் வருகின்றன. படித்துக்கொண்டே இருக்கத் தெரிந்தவனுக்கு இது நல்ல காலம்.

தாங்குவானா என்று கேட்டீர்கள். என் முதல் கப்பலில் செகண்ட் இன்ஜினியர் என்னை ஸ்கேவெஞ்ச் அறைக்குள் இறங்கச் சொன்னார். மூன்று மாடி உயர இன்ஜினில், பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பொந்து அது. நிமிர்ந்து உட்கார முடியாது. எரிந்த எண்ணெயின் கசடு தார் மாதிரி சுவரெல்லாம் அப்பியிருக்கும். ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் சுரண்டி. இன்ஜினை நிறுத்தி நேரம் ஆகியிருந்தும் இரும்பில் சூடு இறங்கவில்லை. அரை மணிக்கு ஒருமுறை வெளியே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து, மறுபடி உள்ளே அனுப்பினார். வேலை முடிந்து பாய்லர் சூட் என்கிற வேலை உடையைக் கழற்றிப் பிழிந்தேன், கிணற்றில் முக்கி எடுத்த வேட்டி மாதிரி வியர்வை கொட்டியது. அன்று இரவு அம்மாவின் களி உருண்டையும் கீரைக் குழம்பும் நினைவுக்கு வந்து அழுதேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு மீண்டும் இன்ஜின் ரூம்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கடலைப் பார்த்திராதது ஒரு குறையே இல்லை. குமட்டல் சில நாளில் அடங்கிவிடும், கிணற்றில் நீந்தும் பையனுக்குத் தண்ணீர் பயமும் இருக்காது. வெக்கையும் சத்தமும் தூக்கமின்மையும்தான் பெரிய சோதனை. அதைவிடப் பெரியது தனிமை. தம்பி கிணற்று மோட்டாரைத் தானே கழற்றி, சீல் மாற்றி மாட்டுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு 71 சதவீதத்தைவிட அதுதான் நம்பிக்கை தருகிறது. கையில் கிரீஸ் பட்டால் முகம் சுளிக்காதவன்தான் இன்ஜின் ரூமில் நிலைப்பான். ஆனால் அவனுக்கு ஆசை இருக்கிறதா என்று கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, நீங்கள் தனியாகக் கேளுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், கொள்ளையர் பயம் முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். சோமாலியா பக்கமும், 2023 கடைசியிலிருந்து செங்கடலிலும் ஆபத்து வந்தது உண்மை. நல்ல கம்பெனிகள் காவலோடு போகின்றன, அல்லது சுற்றுவழியில் போகின்றன. போர் அபாயப் பகுதி என்று அறிவித்த இடத்துக்கு வர மறுக்கும் உரிமை தொழிற்சங்க ஒப்பந்தங்களில் உண்டு. ஒப்பந்தம் இல்லாத, உரிமம் இல்லாத ஆள் ஏற்றிவிட்ட கப்பலில் அந்த உரிமையைக் கேட்க ஆள் இருக்காது.

மூணு வட்டி

எட்டு லட்சத்துக்கு மூணு வட்டி என்றால் மாதம் 24,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு வட்டி மட்டும் 11 லட்சத்து 52 ஆயிரம். அசல் அப்படியே நிற்கும். ராயக்கோட்டை மண்டியில் பறிப்புக் கூலிக்கே கட்டாமல் தக்காளியை ரோட்டோரம் கொட்டுகிற மாதங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த மாதத்திலும் 24,000 கட்ட வேண்டும். தம்பி படித்து, கப்பல் கிடைத்து, கிளாஸ் 4 முடித்துச் சம்பளம் வாங்கும் நாளில் நிலம் உங்கள் பெயரில் இருக்காது என்றே நினைக்கிறேன்.

கடன் வேண்டும் என்றால் வங்கிக் கல்விக் கடன்தான். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை அடமானம் கேட்க மாட்டார்கள். தகுதி இருந்தால், கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் ஏழரை லட்சம் வரை நிலம் இல்லாமல் வாங்கலாம். தவணை, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தொடங்கும். வங்கி மேலாளர் கல்லூரியின் அங்கீகாரக் காகிதங்களைக் கேட்டு நச்சரிப்பார். நச்சரிக்கட்டும், உங்களுக்காக இலவசமாக ஒருவர் சரிபார்க்கிறார். வங்கி தர மறுக்கும் கல்லூரிக்கு மூணு வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள்.

பர்கூரிலிருந்தும் கப்பலுக்குப் போகலாம்

உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத வழி ஒன்று இருக்கிறது. மெக்கானிக்கல் பி.இ. முடித்தவர்களுக்கு ஜி.எம்.இ. என்று ஓராண்டுப் படிப்பு உண்டு. 50 சதவீத மதிப்பெண், 28 வயதுக்குள் இருக்க வேண்டும். அதை முடித்தவனும் பி.டெக். மரைன் முடித்தவனும் ஒரே கிளாஸ் 4 தேர்வுக்குத்தான் போகிறார்கள். கப்பலில் ஏறிய பிறகு யார் எந்த வழியில் வந்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

தம்பி ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழ்நாடு அரசே கட்டுகிறது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். தர்மபுரி செட்டிக்கரையிலும் பர்கூரிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, இரண்டிலும் மெக்கானிக்கல் உண்டு. நான்கு ஆண்டு ஏறக்குறைய செலவில்லாமல் படித்துவிட்டு, 22 வயதில் கப்பல் கம்பெனித் தேர்வு எழுதி, ஸ்பான்சர்ஷிப் கடிதத்தோடு ஜி.எம்.இ. சேரலாம். அதற்கு நான்கைந்து லட்சம் ஆகலாம், அப்போது கல்விக் கடன் போதும். அதற்குள் மனம் மாறினால் ஓசூர் பக்கத்திலேயே இருக்கிறது. மரைன் பட்டம் வாங்கியவனுக்குக் கப்பல் கிடைக்காவிட்டால், கரையில் எல்லாக் கம்பெனியும் "நீ ஏன் இங்கே வந்தாய்" என்று கேட்கும். மெக்கானிக்கல்காரனை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

நிறப்பார்வை தேறாவிட்டாலும் இந்த மெக்கானிக்கல் இருக்கும். நேரடியாக மரைன்தான் வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக இருந்தால், இந்த ஆண்டு பொறியியல் கலந்தாய்வில் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஐ.எம்.யு. தேர்வுக்குத் தயாராகட்டும். என் பிள்ளையாக இருந்தால் மெக்கானிக்கல்தான் சேர்ப்பேன்.

உங்களைப் பற்றியும்

உங்கள் சேமிப்பைப் பற்றி எழுதும்போது "என் கல்யாணத்துக்கென்று வைத்தது, பரவாயில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஷிஃப்ட் வேலையில் நின்று மூன்று ஆண்டு சேர்த்த பணம் அது. கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது, குடும்பம் உங்களுடையது. ஆனால் கண்ணும் கம்பெனியும் தெரியாத நிலையில் கொடுக்காதீர்கள். கல்விக் கடனில் உங்களை இணை விண்ணப்பதாரராகப் போடச் சொன்னாலும் யோசித்துக் கையெழுத்திடுங்கள். தவணை தவறினால் உங்கள் சிபில் கணக்கில்தான் விழும்.

அப்புறம், நீங்கள் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. கப்பலில் ஈ.டி.ஓ. என்று ஒரு பதவி இருக்கிறது, எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர். ஜெனரேட்டர் கண்ட்ரோல், சென்சார், ஆட்டோமேஷன், கிரேன் மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் பட்டமோ டிப்ளமோவோ உள்ளவர்களுக்கு மதிப்பெண் தகுதியைப் பார்த்துச் சில மாதப் படிப்பில் இந்த வழி திறக்கிறது. பெண்கள் போகிறார்களா என்று கேட்பீர்கள். கொல்கத்தா மரைன் கல்லூரியிலிருந்து சோனாலி பானர்ஜி இந்தியாவின் முதல் பெண் மரைன் இன்ஜினியராக வெளிவந்தது 2001இல். இன்று பெண்களுக்கென்றே வாய்ப்பு ஒதுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. ஈ.டி.ஓ. படித்தவர்களுக்கும் முதல் கப்பல் கிடைப்பது சிரமம்தான், தம்பிக்குச் சொன்ன அதே வரிசை உங்களுக்கும் பொருந்தும். விருப்பம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வீட்டில் யாரும் உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் சொன்னேன்.

சேலத்துக்குப் போகும்போது

சான்றிதழ்களைத் திரும்ப வாங்குவதுதான் இப்போது அவசரம், கலந்தாய்வில் சேர அவை வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகளே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இல் அறிவித்திருக்கிறது. ஒரு தரகருக்கு எந்த உரிமையும் கிடையாது. சட்டம் என் துறை இல்லை, வக்கீல் நண்பரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அப்பாவைத் தனியாக அனுப்ப வேண்டாம், நீங்களும் போங்கள். சான்றிதழ்களையும் முன்பணத்தையும் திருப்பித் தரும்படி அப்பா பெயரில் ஒரு கடிதம் எழுதி, நகலில் அவர்கள் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30,000 ஜிபே செய்ததாகவும் 20,000 ரொக்கமாகக் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஜிபே ரசீதையும், வேலை உறுதி, தேர்வு வேண்டாம் என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் எடுத்து வையுங்கள். அங்கே சத்தம் போட வேண்டாம். புதிய தாள் எதிலும் கையெழுத்துப் போடவும் வேண்டாம், "பணம் திரும்பத் தர ஒரு ஃபார்ம்" என்று நீட்டினாலும் சரி.

தரவில்லை என்றால் காவல் நிலையத்திலோ மாவட்டக் குற்றப்பிரிவிலோ புகார் கொடுக்கலாம். ஏமாற்றுதலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவு இருக்கிறது. தர்மபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். புகார் மனு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். சான்றிதழ் கிடைக்கவே இல்லை என்றால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக நகல் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. முன்பணம் முழுதும் வராமல் போகலாம். அந்த ஐம்பதாயிரத்தை விடக்கூடாது என்பதற்காக மட்டும் இரண்டாம் தவணையைக் கட்டிவிடாதீர்கள், இப்படித்தான் பல வீடுகளில் நடந்திருக்கிறது.

இந்த வாரம் கண் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அட்டையில் எந்த எண்களைச் சட்டென்று சொன்னான், எதில் தயங்கினான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதை வைத்து அடுத்ததைப் பேசலாம்.